ஒரு பிழை வந்தால் எல்லாம் சரி

பழைய ஆபீஸில் புகார்களைப் பிரித்து வைக்க இப்போது ஒரு நிரல் வந்துவிட்டதாம். காலைச் சாயா ஆறுவதற்குள் எல்லாவற்றுக்கும் நிறம் பூசிவிடுகிறது. சிவப்பு என்றால் பக், அதாவது மென்பொருளின் பிழை, பச்சை என்றால் பக் இல்லை, மஞ்சள் என்றால் வேறு யாரோ முன்பே சொல்லிவிட்டார்கள். அங்கிருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எனக்கு எழுதினார்கள்: "சங்கரேட்டா, நீங்க ஒரு புகாருக்கு மூணு நாள் எடுத்தீங்கன்னு கேள்விப்பட்டோம். மூணு நாளும் என்ன செஞ்சீங்க?"

கேள்வியில் கேலி இருக்கிறது. இருக்கட்டும். ஐம்பத்திரண்டு வயதில் நானாகக் கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டவன். மட்டாஞ்சேரியில் வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எந்தச் சுவரில் வழுக்கி விழுகிறது என்று பார்ப்பதைத் தவிர எனக்கு இன்று அலுவல் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கேயாவது போகத் தோன்றுகிறது, போனால் படகுத்துறையில் கொண்டு விடுகிறது. எனவே அந்த மூன்று நாளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே சாக்கை உதறினால் மேலே பதினான்கு பேரும் ஒரே சுருதியில் தும்முவோம். கீழே அவர்கள் சுக்கு அடுக்கினார்கள், மேலே நாங்கள் தகவல் அடுக்குவதற்கான மென்பொருள் செய்தோம். அதோடு பேசுவதற்கு ஒரு கமாண்ட் லைன் கருவி. படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரை அது. ஒரு கட்டளையை எழுதி, முடிவில் அரைப்புள்ளி வைத்து, என்டர் தட்டினால் பதில் வரும். அரைப்புள்ளியை மறந்தால் கட்டளை இன்னும் முடியவில்லை என்று நினைத்து அடுத்த வரியையும் சேர்த்து விழுங்கிவிடும். நூறு கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தாலும் மேலிருந்து கீழாகச் செய்துவிட்டுக் கடைசியில் எத்தனை முடிந்தது, எத்தனை பிழை என்று சொல்லும். மலையாளத்திலும் தமிழிலும் சொல்லும். அந்தத் தமிழுக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும்.

முதல் இரண்டு வருடம் மொழிபெயர்த்தேன், கேபிள் சுமந்தேன், தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்காகத் தமிழ்க் கைப்புத்தகம் ஒன்று எழுதினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பிறகு புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஏலியாம்மா மேடம்.

மேடத்தின் மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உப்பிலிட்ட நெல்லிக்காய் பாட்டில் ஒன்று இருக்கும். புகார் உண்மை என்று நிரூபித்தால் நமக்கு ஒரு நெல்லிக்காய். பொய் என்று நிரூபித்தால் அவருக்கு ஒன்று. கல்லூரியைக் கோயம்புத்தூரில் முடித்தவர் என்பதால் என்னோடு தமிழிலேயே பேசுவார். அந்தத் தமிழ் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மலையாளத்தில் ஏறிக்கொள்ளும்.

அவருடைய முறை இப்படி. முதலில் புகாரை உரக்க வாசிக்க வேண்டும், எழுதியவரின் குரலில். கோபமாக எழுதியிருந்தால் கோபமாக. "நீ உன் குரல்ல வாசிச்சா அவன் சொன்னதைக் கேக்கமாட்டாய், நீ நினைக்கிறதைக் கேப்பாய்" என்பார். இரண்டாவது, வாடிக்கையாளரின் கோப்பைப் பாதியாக வெட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் பாதியில் நோய் இருக்கிறதோ அதை மறுபடியும் பாதியாக. இனி வெட்ட முடியாத அளவு சின்னதாகும்வரை வெட்ட வேண்டும். மூன்றாவது, பின்னறையில் பழைய பதிப்புகள் போட்டு வைத்த கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு வயது. மிச்சமிருக்கும் துண்டை அவற்றில் ஒவ்வொன்றாக ஓட்டி, எந்தப் பதிப்பில் நடத்தை மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாகத்தான் தீர்ப்பு.

"எடோ சங்கரா, நேத்து செஞ்சதை இன்னைக்குச் செய்யலேன்னா அது மாற்றம். மாற்றம் எல்லாம் பக் ஆகாது. நாம என்ன வாக்குக் கொடுத்தோம்? அதை மீறினா பக். மீறலேன்னா அவங்க நம்மகிட்ட வெறுதே ஆசைப்பட்டாங்கன்னு அர்த்தம்."

வெறுதே என்றால் சும்மா. நான் அந்தத் தத்துவத்தில் 'வெறுதே ஆசைப்பட்டார்கள்' என்கிற பகுதியை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். பத்து வருடத்தில், பக் இல்லை என்று சொல்வதில் ஊரில் எனக்கு இணை கிடையாது. வாக்கியத்தைத் தொடங்கும்போதே தலை இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிடும். திங்கட்கிழமைகளில் மட்டும் திரையில் எழுத்துகள் தானாக ஓடுகின்றன என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் புகார் கொடுத்தது. நேரில் போனேன். திங்கட்கிழமைதான் அங்கே துடைக்க வருகிற சேச்சி கீபோர்டை ஈரத்துணியால் நன்றாக அழுத்தித் துடைக்கிறார். பக் இல்லை. மேடத்துக்கு ஒரு நெல்லிக்காய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நஸீர் எங்களிடம் கருவியை எழுதுகிறவன். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவனைப்போல் நிரல் எழுத ஆள் இல்லை என்பது அவனே சொல்லித் தெரிந்தது. பழைய கருவிக்கு ஒரு சுபாவம் உண்டு. கோப்பின் நடுவே ஒரு வரி புரியவில்லை என்றால், "பிழை" என்று முனகிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு சங்கத்தில் இதனால் விபரீதம். 'பழைய பட்டியலுக்குப் போ' என்பது முதல் வரி, 'எல்லாவற்றையும் அழி' என்பது இரண்டாவது வரி. முதல் வரியில் எழுத்து மாறிப்போயிற்று. கருவி முனகியது, நகர்ந்தது, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் அழித்தது. நின்றிருந்ததோ புதிய பட்டியலில். அதன்பின் நஸீர் கருவியை மாற்றினான். முதல் பிழையிலேயே நின்றுவிடும். மேலே ஒரு அடி வைக்காது. மேடம் அவனுக்கு இரண்டு நெல்லிக்காய் கொடுத்தார்.

அந்தப் பதிப்பு வெளியான பத்தாம் நாள், கலூரில் ஒரு மசாலாப் பொருள் பரிசோதனைக்கூடத்திலிருந்து புகார் வந்தது. எழுதியவர் கோமதி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வைப்பின் தீவில் வாடகைக்கு இருக்கிறவர். மிளகு, ஏலக்காய் சாம்பிள்களின் ஈரப்பதம் முதலியவற்றைத் தினமும் கோப்பாக எழுதிக் கருவியில் ஏற்றுவது அவர் வேலை. பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில்.

மேடம் சொன்னார்: "வாசி. அவங்க குரல்ல."

தென்காசிக் குரலை வரவழைத்துக்கொண்டு வாசித்தேன். "ஐயா, புதுசு போட்டதுலேர்ந்து மூணு நாளா ஒண்ணுமே ஏறலை. எனக்குத் தெரியவும் இல்லை. ஏன்னா எப்பவும்போல ஒரு பிழைன்னுதான் வந்துச்சு. மூணு நாள் சான்றிதழ் எல்லாம் வெறுங்காகிதமாப் போயிருக்கு. மேனேஜர் சத்தம் போடுதாவ. கருவி தப்புன்னா எழுதி வாங்கிட்டு வா, உன் தப்புன்னா வெள்ளிக்கிழமையோட ஒப்பந்தம் முடியுது, புதுக்கமாட்டேன்னு சொல்லிட்டாவ. தயவுசெஞ்சு பாத்துச் சொல்லுங்க."

நஸீர் சிரித்தான். "எப்பவும்போல ஒரு பிழையா? அது என்னா சேட்டா, தினமும் பிழை வந்தும் கவலை இல்லாத ஆளு?"

"பக் இல்லை" என்றேன். கோப்பை இன்னும் திறக்கவே இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிக் கோப்பு. முதல் வரியிலேயே நிற்கிறது என்று திரை சொல்கிறது. "பின்னே வெட்டறது எதுக்கு?" என்றான் நஸீர். "முறைக்கு" என்றார் மேடம், பாட்டிலைத் துடைத்துக்கொண்டே. வெட்டினோம். நூற்றாறு. ஐம்பத்து மூன்று. இருபத்தேழு. கீழே சுக்கு உதறினார்கள். தும்மிவிட்டு வெட்டினோம். பதினான்கு, ஏழு, நான்கு, இரண்டு, ஒன்று. நஸீரின் திரையில் மிஞ்சியது ஒரு சின்னச் சதுரக் கட்டமும் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளியும்.

"குப்பை" என்றான் நஸீர். "கோப்பு கெட்டிருக்கு. கேஸ் முடிஞ்சுது."

பின்னறைக் கம்ப்யூட்டர்களில் ஓட்டினோம். பழையவை எல்லாம் "பிழை" என்று முனகிவிட்டுப் போயின. புதியது மட்டும் நின்றது. மாற்றம் உறுதி. காரணமும் உறுதி. காரணம் நல்ல காரணம். நான் பதில் கடிதத்தை எழுதியே விட்டேன்: "தங்கள் கோப்பின் முதல் வரி செல்லாதது. கருவியில் பிழை இல்லை." இரண்டே வாக்கியம். இரண்டும் உண்மை. ஒரு பெண்ணின் பதினொரு வருடத்தை அவை ஒரே மூச்சில் முடித்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். தொழில் பழகிவிட்டால் அப்படித்தான்.

புதன்கிழமை காலை, அனுப்புவதற்கு முன் நகல் எடுத்து வைக்கலாம் என்று அந்த ஒற்றை வரியை என் கம்ப்யூட்டரில் திறந்தேன். என்னுடையதில் தமிழ் எழுத்துகள் எல்லாம் உண்டு. நஸீருக்குக் கட்டமாகத் தெரிந்த இடத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தது:

உ;

"நஸீரே, இங்க வா."

"எந்தா சேட்டா?"

"பிள்ளையார் சுழி."

"அதென்ன, கமாண்டா?"

"இல்லை."

"பின்னெ எதுக்கு?"

"எழுதத் தொடங்கறதுக்கு முன்னாடி போடறது. எந்தக் காகிதமானாலும் மேலே அதைப் போட்டுட்டுத்தான் மத்தது."

நஸீர் திரைக்கு அருகே குனிந்தான். "பதினொரு வருஷமா எங்க கருவி அதைப் பார்த்துப் பிழைன்னு சொல்லிட்டிருக்கா? படைச்சவனே!" என்று காதைத் தொட்டுக்கொண்டான்.

மேடம் எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். அப்படி ஏற்றினால் யாருக்கோ நல்லதில்லை.

"எங்க அப்பன் கடுதாசி எழுதினா மேலே ஒரு குருசு, சிலுவை, வரைவாரு. அது பக்தி, எனக்கு மனசிலாகும். ஆனா குருசுக்குப் பின்னால அவர் செமிகோலன் வெச்சதில்லை. இவங்க எதுக்கு வெச்சாங்க?"

எதற்கு என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

கோமதிக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, சுழிக்குப் பக்கத்துல அரைப்புள்ளி வச்சிருக்கீங்களே, அது யார் சொல்லி?"

"புஸ்தகத்துல அப்படித்தான அண்ணாச்சி போட்டிருக்கு."

"எந்தப் புஸ்தகம்?"

"உங்க புஸ்தகந்தான். நான் பின்ன யார்ட்ட படிச்சேன்? கொண்டாரட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். "வரச் சொல்லு" என்றார் மேடம்.

மறுநாள் காலை வைப்பினிலிருந்து படகேறி வந்தார் கோமதி. நாற்பது வயது இருக்கும். கையில் குடை, தோளில் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் செய்தித்தாள், அதற்குள் என் புத்தகம். பசை விட்டுப்போன முதுகுக்குத் துணி ஒட்டித் தைத்திருந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். நான் எழுதிய எதையும் யாரும் அவ்வளவு நெருக்கமாக வாசித்து நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். வியர்த்தது.

"ஒன்பதாம் பக்கம்" என்றார் கோமதி.

ஒன்பதாம் பக்கத்தில் 'மாதிரிக் கோப்பு' என்ற தலைப்பில் ஏழு வரிகள். முதல் வரி, உ;

எல்லாம் திரும்ப வந்தது. அந்தப் பக்கத்தை நேரடியாகக் கருவியில் அடித்துப் பார்த்து எழுதினேன். காகிதத்தின் பழக்கத்தில் கை தானாகச் சுழி போட்டுவிட்டது. அரைப்புள்ளி இல்லாததால் அது அடுத்த கட்டளையையும் விழுங்கிப் பிழை காட்டியது. சுழியை அழித்திருக்கலாம். போட்ட சுழியை அழிக்க மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்தேன். மற்ற ஆறும் ஓடின. அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், சாயா வந்தது.

"கீழே ஒரு குறிப்பு இருக்குல்லா, அதையும் பாருங்க" என்றார் கோமதி.

மேடம் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "வாசி, சங்கரா. எழுதினவனோட குரல்ல."

இருபத்தாறு வயதின் குரல் எனக்கு எங்கே போயிற்றோ, தேடி எடுத்து வாசித்தேன்: "இறுதியில் '1 பிழை' என்று தோன்றினால் வேலை செவ்வனே முடிந்தது என்று அறிக."

நஸீர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு மூக்கு வழியாக வந்து, தும்மலாக மாறியது, கீழே கிடங்கில் யாரோ பதிலுக்குத் தும்மினார்கள்.

"சிரிக்காதீங்க தம்பி" என்றார் கோமதி. "பதினொரு வருசம் அதத்தான் பாத்து வேலை செஞ்சேன். ஒருநாள் சுழி போட மறந்துட்டேன். பூச்சியம் பிழைன்னு வந்துச்சு. பயந்துபோயி மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஏத்துனேன். ஒரு பிழை வந்தப்புறந்தான் சோறு இறங்குச்சு."

புதுப் பதிப்பில் நடந்தது இப்போது எல்லோருக்கும் விளங்கியது. சுழியிலேயே கருவி நின்றுவிட்டது. "0 முடிந்தது, 1 பிழை" என்றது. புத்தகம் சொன்னபடி கோமதி அந்த ஒரு பிழையை மட்டும் பார்த்தார், நிம்மதியாகக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மூன்று நாளும்.

"மேடம்" என்றான் நஸீர், குரலைச் சரிசெய்துகொண்டு, "கருவியை நான் பழையபடி மாத்தமாட்டேன். மாத்தினா இன்னொரு சங்கம் போகும்."

"மாத்த வேண்டாம். கருவி சரி."

"அப்போ பக் இல்லை" என்றேன். வெட்கமில்லாத வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

மேடம் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார். "வாக்கு கொடுத்தது யாரு? கருவி கொடுக்கலை. புஸ்தகம் கொடுத்தது. அச்சடிச்சு, நம்ம பேரு போட்டு, வித்தோம். வாக்கு மடத்தனமா இருந்தாலும் வாக்குதானே? இது பக். புஸ்தகத்துல இருக்குற பக். உன்னோடது. எழுது."

செவ்வாய்க்கிழமை எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். புதியது இது: "தங்கள் பணியாளர் எங்கள் கைப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியுள்ளார். எங்கள் புதிய பதிப்பு அந்தப் புத்தகத்துக்கு மாறாக நடக்கிறது. பிழை முழுவதும் எங்களுடையது." கீழே, புத்தகத்தை எழுதியவர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். மேடம் வாசித்துவிட்டு ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கோமதியின் உள்ளங்கையில் வைத்தார்.

இதற்குள் நஸீர் கோமதியின் கோப்பைச் சரிசெய்ய உட்கார்ந்திருந்தான். "சேச்சி, சுழிக்கு முன்னாடி ரெண்டு சின்னக் கோடு போட்டா போதும். அப்புறம் கருவி அதைக் கண்டுக்காமப் போயிரும்."

"கண்டுக்காமப் போயிருமா?"

"ஆமா."

"பிள்ளையாரையா?"

நஸீர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். மேடம் சொன்னார்: "எடா, அப்படிச் சொல்லாதே. கருவி அந்த இடத்துல ஒண்ணும் பேசாது, தலை குனிஞ்சு போகும்னு சொல்லு."

கோமதி யோசித்தார். "அது பரவால்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை கடிதத்தோடு நானும் கலூருக்குப் போனேன். மேடத்தின் உத்தரவு அது. கையெழுத்துப் போட்டவன் முகத்தையும் காட்ட வேண்டுமாம். மேனேஜர் குளிரூட்டிய சின்ன அறையில் இருந்தார். அவர் முன்னால் ஒரு தாள் ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது, கோமதியின் பெயரோடு. என் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"யாரு இந்த சங்கரன்?"

"நான்தான் சார்."

"நீங்களா எழுதினது? ஒரு பிழை வந்தா சரின்னு?"

"ஆமா சார்."

"வெவரம் உள்ள ஆளுதானா நீங்க?"

அவர் அச்சாகிக் கிடந்த தாளை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார். பாவம், கோபத்தை மூன்று நாளாக ஒரே அளவில் காய்ச்சி வைத்திருந்தவர். ஊற்றப் பாத்திரம் இல்லாமல் போய்விட்டது.

"தப்பு செஞ்ச ஆளை நீக்கறேன்னு மேலே சொல்லியாச்சு. இப்ப நான் யாரை நீக்கறது?"

"இவரு நம்ம ஆபீஸ் இல்லியே சார்" என்றார் பக்கத்தில் நின்ற கோமதி, உண்மையான வருத்தத்தோடு.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். இன்னும் ஒரு வருடத்துக்கு என்று எழுதினார். பேனா இரண்டு முறை மக்கர் செய்தது. மூன்றாவது முறை கையெழுத்து விழுந்தது. கோமதி அந்தத் தாளை வாங்கி, மடிக்காமல், ஈரம் காயும்வரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே நின்றார். வாசலில் வண்டிகளின் இரைச்சல், வெயில், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். எனக்கும் ஓட வேண்டும்போல் இருந்தது.

"வாரேன் அண்ணாச்சி" என்றவர், படியிறங்கப் போன என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "புஸ்தகத்தைத் திருத்தி எழுதுவீங்கள்ல?"

"எழுதுவேன்."

"அச்சுக்குக் குடுக்க முந்தி எங்கிட்ட ஒரு தடவை காட்டுங்க."

காட்டினேன். ஒரு வாரம் வைத்திருந்து, செய்தித்தாளில் பொதிந்து திருப்பி அனுப்பினார். பதினாறு இடங்களில் பென்சில் வட்டம். பதினான்கு, ஐயத்துக்கு இடமில்லாத பிழைகள், எல்லாம் என்னுடையவை. மற்ற இரண்டும் பிழையா இல்லையா என்று அவருக்கும் எனக்கும் போனில் தகராறு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று என் மேசையில் முடிக்காமல் விட்டுவந்த புகார்கள் அந்த இரண்டும்தான்.